ஆக்ரா: இறங்கி நடக்கும் வாயில்

தமிழகத்திலிருந்து டில்லி நோக்கிச் செல்லும் நெடுந்தூர ரயில்களில் பயணம் செய்த நம்மவர்க்கு ஆக்ரா கண்டோன்மெண்டு நிலையம் அறிமுகமான இடமே. உத்தியோகம் பற்றியோ வாணிபம் பற்றியோ வட மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோரும் உற்றாரும் வந்துவிட்டால், அவர்களைத் தாஜ்மகாலுக்கு அழைத்துச் செல்வது ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நம்முன் எழும் முதற் கேள்வி, எதில் ஏறிப் போவது என்பதே. ஆட்டோ ரிக்ஷாக்காரர் ஒரு புறம் அழைப்பார். வாடகைக் கார்க்காரர் மறு புறம் அழைப்பார். பாட்டரியால் ஓடும் ரிக்ஷா சந்தடியின்றி அருகில் வந்து நிற்கும். பேரம் பேசி ஏறி அமர்கிறோம். தாஜ்மகாலை நெருங்கும் வேளையில், இதற்கு மேல் வண்டி போகாது என்று நம்மை இறக்கிவிடுகிறார்கள். வயது முதிர்ந்த பெற்றோரை வைத்துக்கொண்டு வெயிலில் இறங்க நேரும்போது, இது என்ன வீண் தொல்லை என்று நாம் சலித்துக்கொள்வதும் உண்டு.

அது வீண் தொல்லையா, அன்றி ஒரு பழைய மரபின் புது வடிவமா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தாஜ்மகால் எழும்பத் தொடங்கியது 1632ஆம் ஆண்டில். மும்தாஜ் மகாலின் நினைவாக ஷாஜஹான் சக்கரவர்த்தி தேர்ந்தெடுத்த நிலம், ஆம்பர் நாட்டு மன்னர் ராஜா ஜெய்சிங்கின் உரிமையாக இருந்தது. அதற்கு ஈடாக வேறு மாளிகைகளைக் கொடுத்தே சக்கரவர்த்தி அந்நிலத்தைப் பெற்றார். வெண்பளிங்கு ராஜஸ்தானத்து மக்ரானாச் சுரங்கங்களிலிருந்து, 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு, மாட்டு வண்டிகளில் ஏறி வந்தது. கல் ஏற்றுவதற்கு வேண்டிய வண்டிகளைத் திரட்டித் தருமாறு ஜெய்சிங்குக்குச் சக்கரவர்த்தி விடுத்த ஆணைகள் இன்றும் ஆவணங்களாக எஞ்சியிருக்கின்றன. இன்று நாம் கண்டு வியக்கும் கலைப் படைப்பு, அதன் தொடக்கத்தில் ஒரு மாபெரும் போக்குவரத்துச் சிக்கலாகவே இருந்தது எனின் மிகையாகாது.

அந்நாளைய ஆக்ராவின் இராஜபாட்டை தெருவன்று, யமுனை நதியே. நதியின் இரு கரைகளிலும் பிரபுக்களின் தோட்டங்களும் மாளிகைகளும் வரிசையாக நின்றன. தாஜ்மகாலும் அவ்வரிசையின் ஒரு பகுதியாகவே அமைக்கப்பட்டது. கோட்டையிலிருந்து சக்கரவர்த்தி படகிலேறித் தாஜ்மகாலின் நதிக்கரைத் தளத்துக்கு வருவதுண்டு. தெருக்களோ நதியைப் போல் விசாலமானவையாக இல்லை. ஔரங்கசீப்பின் ஆட்சித் தொடக்கத்தில் இந்நாட்டில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், ஆக்ராவில் நான்கைந்து நீண்ட வீதிகளைத் தவிர ஏனையவை குறுகலும் கோணலுமாக இருந்தன என்றும், அரசவை அங்கே தங்கும் நாட்களில் பெருங் குழப்பம் விளைந்தது என்றும் எழுதிவைத்தார். ஆக்ராவின் தெரு நெரிசல் மோட்டார் வண்டி கொண்டுவந்த புதுமையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இத்தகைய நகரில் தாஜ்மகாலை வகுத்த சிற்பிகள் ஒன்றை மறவாது செய்தனர். பெரிய வாயிலுக்கு முன்னே விரிந்த முற்றம் ஒன்றை அமைத்து, அதற்கு ஜிலௌகானா என்று பெயரிட்டனர். யானை மீதும் குதிரை மீதும் பல்லக்கிலும் வருவோர் அனைவரும் அம்முற்றத்தில் இறங்க வேண்டும். பரிவாரங்கள் அங்கே நிற்க வேண்டும். அதன் பின்னரே வாயிலைக் கடந்து தோட்டத்துள் கால்நடையாகப் புக வேண்டும். முற்றத்துக்குத் தெற்கே கடைவீதிகளும் வழிப்போக்கர் தங்குவதற்கான நான்கு சத்திரங்களும் எழுந்தன. அன்று மும்தாஜாபாத் எனப்பட்ட அப்பகுதியே இன்றைய தாஜ்கஞ்ச். அக்கடைகளும் சத்திரங்களும் ஈட்டிய வருவாயோடு 30 கிராமங்களின் வருவாயும் தாஜ்மகாலின் பராமரிப்புக்காக எழுதிவைக்கப்பட்டன.

இவ்வேற்பாட்டை நாம் உற்றுநோக்க வேண்டும். வருவோர் எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, அவர்களுக்கு உணவும் சரக்கும் விற்போர் எங்கே வாழ்வது, அவ்வருவாய் எதற்குப் பயன்படுவது என்பன யாவும் கட்டடத்தோடு ஒருங்கே திட்டமிடப்பட்டன. நினைவுச் சின்னம், பயணி, ஊர் மக்கள் என்னும் மூன்றும் ஒரே வரைபடத்தில் இடம் பெற்றன. பிற்காலத்தார் இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து நோக்கியதாலேயே இன்னல்கள் விளைந்தன என்பது நமது கருத்து.

தலைநகரம் 1648ஆம் ஆண்டில் டில்லிக்கு மாறியது. ஆக்ராவின் ஆடம்பரம் மங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புப் பாதை வந்தது. ஆக்ராக் கோட்டையின் டில்லி வாயிலுக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே திரிபோலியா என்னும் எண்கோணச் சதுக்கம் ஒன்று இருந்தது. ஆக்ரா ஃபோர்ட் ரயில் நிலையத்துக்கு இடம் வேண்டி அச்சதுக்கம் இடித்துத் தள்ளப்பட்டது. கோட்டையிலிருந்து இறங்கிச் சதுக்கத்தைக் கடந்து மசூதிக்கு நடந்து சென்ற வழி மறைந்து, அவ்விடத்தில் தண்டவாளங்கள் படுத்தன. பயணிகளுக்கு வசதி பிறந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் போக்குவரத்தின் பொருட்டுப் பழஞ்சின்னம் ஒன்று பலியான கதைக்கு ஆக்ராவில் அது கண்கூடான சான்று.

இரும்புப் பாதையோடு நிலக்கரியும் வந்தது. நீராவி இஞ்சின்கள் பெட்டிகளைக் கோக்கும் தளங்களில் நாள் முழுதும் புகை கக்கின. ஆக்ராவில் இரும்பு வார்ப்படப் பட்டறைகள் பெருகின. இரண்டு அனல் மின் நிலையங்களும் நிலக்கரியை எரித்தன. ஊராருக்குப் பிழைப்பு அளித்த புகையாதலின், அதனை எவரும் பெரிதாகக் குறைகூறவில்லை.

புதியதொரு புகை வரப்போகிறது என்ற செய்தியே பழைய புகையைக் கண்டுபிடிக்க உதவியது என்பது இவ்வரலாற்றின் விந்தை. ஆக்ராவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், மதுராவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை நிறுவ இந்திய அரசு முடிவு செய்தது. அத்திசையிலிருந்து வீசும் காற்று ஆலையின் கந்தகப் புகையைத் தாஜ்மகாலுக்குக் கொணருமோ என்ற அச்சம் எழுந்தது. பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல்லின் உயர்ந்த வடிவம். கந்தகப் புகை காற்றின் ஈரத்தோடு கலந்து அமிலமாகிப் பளிங்கின் மீது படிந்தால், அதன் மேற்பரப்பு மெல்ல மெல்ல ஜிப்சமாக மாறி உதிரும். இதனை ஆராய்வதற்காக 1974ஆம் ஆண்டில் டாக்டர் எஸ். வரதராஜன் தலைமையில் நிபுணர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது.

வருங்காலப் புகையை அளவிடச் சென்ற அக்குழு, நிகழ்காலப் புகையைக் கண்டு திகைத்தது. ஆலை தொடங்கப்படும் முன்னரே ஆக்ராவின் காற்றில் கந்தகமும் தூசும் மிகுந்திருந்தன. இரண்டு மின் நிலையங்கள், ஏறக்குறைய 250 சிறு தொழிற்கூடங்கள், ரயில் பெட்டிகளைக் கோக்கும் தளம் ஆகியவையே அதற்குக் காரணம் என்று 1977ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. தாஜ்மகாலுக்கு வடமேற்கே புதிய தொழிற்கூடங்கள் கூடா. வார்ப்படப் பட்டறைகளை வேறிடம் மாற்ற முயல வேண்டும். நிலக்கரிக்கு மாற்று எரிபொருள் காண வேண்டும் என்று அது கூறியது. பின்னர் மின் நிலையங்கள் மூடப்பட்டன. தளத்தில் நீராவி இஞ்சின்களின் இடத்தை டீசல் இஞ்சின்கள் பெற்றன. மதுரா ஆலை 1982ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

பட்டறைகள் மட்டும் அசையவில்லை. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1984ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1996 டிசம்பர் 30ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஃபைஜான் உத்தீனும் தீர்ப்பு வழங்கினர். தாஜ்மகாலைச் சூழ்ந்த 10,400 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு, சரிவக வடிவினதாதலால் தாஜ் சரிவக மண்டலம் என்று பெயர் பெற்றது. ஆக்ரா, மதுரா, ஃபிரோஜாபாத் முதலிய உத்தரப் பிரதேச மாவட்டங்களின் பகுதிகளும் ராஜஸ்தானத்துப் பரத்பூர்ப் பகுதியும் அதனுள் அடங்கும். அம்மண்டலத்தில் நிலக்கரி எரித்துவந்த 292 தொழிற்கூடங்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், மாற இயலாதவை மண்டலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது தீர்ப்பு. இடம் மாறும் கூடங்களின் தொழிலாளர்க்கு வேலைத் தொடர்ச்சி உண்டு என்றும், உடன் செல்ல இசைவோர்க்கு ஓராண்டு ஊதியம் தனியே வழங்கப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. நகரினுள் புகுந்து செல்லும் வண்டிகளைத் திருப்பிவிடப் புறவழிச் சாலை அமைவதையும் அது கவனித்துவந்தது.

கல்லைக் காக்க எழுந்த தீர்ப்பில் தொழிலாளியின் கூலியும் எண்ணப்பட்டமை நாம் போற்றத்தக்கது. ஆயினும், தலைமுறைகளாக உலைக்களத்தில் நின்றவனுக்கு உலை அணைவதன் பொருள், ஏட்டில் எழுதிய விதிகளால் முற்றும் அளந்துவிடக் கூடியதன்று. ஒரு நகரத்தின் காற்றைத் தூய்மை செய்யும் செலவை அந்நகரின் எளியோர் முதலில் செலுத்துகிறார்கள் என்பதை ஆக்ரா நமக்கு உணர்த்துகிறது.

இவ்வளவு செய்தும் பளிங்கு வெளுத்ததா எனின், இல்லை. மஞ்சள் படிந்த சுவர்களுக்கு இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1994ஆம் ஆண்டு முதல் பல முறை முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசிக் கழுவிவந்தனர். பெண்கள் முகத்துக்குப் பூசும் அதே மட்டிதான்! மட்டி காய்ந்து உதிரும்போது அழுக்கையும் உடன் கொண்டு வருகிறது; சில ஆண்டுகள் கழிந்தால் மஞ்சள் மீண்டும் ஏறுகிறது. இது ஏன் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யினரும் தொல்பொருள் துறையினரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கூடி ஆராய்ந்தனர். 2014ஆம் ஆண்டு இறுதியில் வெளியான அவர்களது முடிவு தெளிவானது. கரித்துகளும், விறகும் சாணமும் குப்பையும் எரிவதால் எழும் பழுப்புத் துகளும், மண் தூசியும் பளிங்கின் மேல் படிந்து நிறத்தை மாற்றுகின்றன. வாகனங்களின் புகையும் அத்துகள்களின் ஊற்றுக்களில் ஒன்று.

இங்கே வழக்கின் தன்மையே மாறிவிடுகிறது. முன்னர்க் குற்றவாளி ஒரு புகைபோக்கி. அதனைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இப்போதோ, விறகடுப்பு மூட்டும் ஏழைத் தாயும், குப்பைக்குத் தீயிடும் துப்புரவாளரும், தாஜ்மகாலைக் காண வண்டியில் விரைந்து வரும் நாமும் சேர்ந்தே அம்மாசுக்குக் காரணமாகிறோம். 292 கூடங்களுக்கு ஆணையிடலாம். இலட்சக்கணக்கான மக்களின் அன்றாட நடமாட்டத்தை ஆணையால் மட்டும் மாற்றிவிட முடியுமா? அதற்குத் திட்டம் வேண்டும்.

தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டர் எல்லைக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகள் நுழைவது தடுக்கப்பட்டது. கிழக்கு வாயிலுக்கு வருவோர் சில்ப்கிராம் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டரி வண்டியிலோ கால்நடையாகவோ செல்லும் முறை வந்தது. ஜிலௌகானா முற்றம் வாயிலிலிருந்து சற்றே வெளியே நகர்ந்தது என்று இதனை நாம் கொள்ளலாம். நோக்கம் நன்று. எனினும், எல்லைக் கோட்டுக்கு வெளியே வண்டிகள் பெருகினால், புகை கோட்டருகே நின்று அனுமதி கேட்டுக்கொண்டிராது. ஒரு புறம் எல்லை வகுக்கும் நாம், மறு புறம் வழிகளை அகலமாக்கினோம். டில்லிப் பக்கத்திலிருந்து வரும் 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச் சாலை 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. லக்னோவிலிருந்து வரும் விரைவுச் சாலை 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. காலையில் காரில் புறப்பட்டு, தாஜ்மகாலைக் கண்டு, இரவுக்குள் டில்லிக்குத் திரும்பிவிடுதல் எளிதாயிற்று. அவ்வாறு வந்து போவோர் ஆக்ராவில் புகையை விட்டுச் செல்கின்றனர். தங்கி, உண்டு, ஊராருக்கு வருவாயை விட்டுச் செல்வது குறைவு. சத்திரத்தின் வருவாயைக் கொண்டு சின்னத்தைப் பேணிய பழைய ஏற்பாட்டுக்கு இது நேர் எதிரானது. அதே 2016ஆம் ஆண்டில் டில்லி நிஜாமுத்தீனுக்கும் ஆக்ராவுக்கும் இடையே கதிமான் விரைவு ரயில் தொடங்கப்பட்டது. ஒரே ரயிலில் பல நூறு பேர் வருவது, அத்தனை பேரும் தனித்தனிக் கார்களில் வருவதினும் நகரத்துக்கு நன்று என்பதை விளக்க வேண்டுவதில்லை.

தாஜ்கஞ்ச் மக்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சின்னத்துக்குத் துணையாகவே நிறுவப்பட்ட ஊர் அது. இன்று அவர்கள் தங்கள் வீட்டுக்குத் தங்கள் வண்டியைக் கொண்டு செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 500 மீட்டர் எல்லைக்குள் வாணிபம் யாவும் நீக்கப்பட வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, கடையும் விடுதியும் நடத்திப் பிழைக்கும் குடும்பங்கள் கலக்கமுற்றன. அவர்களுடைய முறையீடும் நீதிமன்றத்தையே நாடிச் சென்றது. நூற்றாண்டுகளாகப் பயணிக்கு நிழலும் நீரும் தந்தவர்களை விலக்கிவிட்டுச் சின்னத்தைக் காப்போம் என்பது, வேலியைப் பிடுங்கி விறகாக்கிக்கொண்டு பயிரைக் காப்போம் என்பதை ஒக்கும்.

2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தாஜ்மகாலின் நிலை குறித்துக் கடிந்துரைத்த காலத்தில், டில்லித் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியினர் ஒரு தொலைநோக்கு வரைவை ஆயத்தம் செய்தனர். தாஜ்மகாலைச் சுற்றி நடந்து செல்வதை ஊக்குவிக்கும் முழுமையான போக்குவரத்துத் திட்டம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 2020 டிசம்பரில் ஆக்ரா மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இரு வழித்தடங்கள், மொத்தம் 29.4 கிலோமீட்டர் என்பது திட்டம். தாஜ் கிழக்கு வாயிலிலிருந்து மன்காமேஷ்வர் ஆலயம் வரை ஆறு நிலையங்கள் கொண்ட முதற்பகுதி 2024 மார்ச் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. தாஜ்மகால், ஆக்ராக் கோட்டை ஆகிய நிலையங்கள் நிலத்துக்கு அடியில் அமைந்தன. முன்னொரு காலத்தில் கோட்டையருகே நிலையம் அமைக்கச் சதுக்கத்தை இடித்தவர்கள் இருந்தார்கள். இன்று கோட்டையருகே நிலையம் அமைக்க மண்ணுக்கு அடியில் இறங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் நாம் கற்ற பாடம் இவ்வேறுபாட்டில் விளங்குகிறது.

இருப்பினும், மெட்ரோ ஒன்றே மருந்தன்று. நிலையத்தை விட்டு மேலே வருபவன் நடப்பதற்கு நடைபாதை வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். முதியோரை ஏற்றிச் செல்லப் பாட்டரி வண்டி வேண்டும். அதன் கட்டணம் பேரத்துக்கு இடமின்றி எழுதி ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஊராரின் அன்றாடப் பயணத்துக்குப் பேருந்து காலத்தில் வர வேண்டும். பாட்டரி ரிக்ஷா தெருவில் புகை கக்காது என்பது மெய்யே. அதற்குரிய மின்சாரம் நிலக்கரியிலிருந்து பிறக்குமாயின், புகை வேறோர் ஊரின் மக்களைச் சென்று சேரும். ஆதலின், வண்டியின் வகையை மாற்றுவதோடு வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் இன்றியமையாதது. தாஜ்மகாலுக்கு மட்டும் நல்ல காற்று வேண்டுமென்றால் அது நடவாத காரியம். ஆக்ராவின் குறுந்தெருக்களில் வாழும் குழந்தை மூச்சுவிடும் காற்றுத்தான் பளிங்கின் மீதும் வீசுகிறது. கல்லில் கறை தெரிகிறது, நீதிமன்றம் கேட்கிறது. குழந்தையின் மார்பில் படியும் கறை வெளியே தெரிவதில்லை. கல்லைச் சாட்சியாகக் கொண்டு குழந்தையின் வழக்கையும் நடத்துவதே ஆக்ராவின் வரலாறு நமக்குக் காட்டும் வழி.

அன்பர்களே, பிற மாநிலங்களில் வாழும் நாம் ஆக்ராவுக்கு விருந்தினர். விருந்தினருக்கும் கடமை உண்டு. அடுத்த முறை ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துச் செல்லும்போது, கூடுமாயின் ரயிலில் செல்வோம். ஓர் இரவேனும் அவ்வூரில் தங்குவோம். எல்லைக்கோட்டில் வண்டி நின்றதும் சலிப்புக் கொள்ளாது, முதியோரைப் பாட்டரி வண்டியில் ஏற்றிவிட்டு, நாம் நடப்போம். யானை மீது வந்த பிரபுவும் இறங்கி நடந்த வாயில் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடப்போம். மன்னருக்கு மரியாதை செய்ய அன்று இறங்கினார்கள். நமக்குப் பின்னே வரப்போகிறவர்களுக்கு மரியாதை செய்ய இன்று நாம் இறங்குகிறோம்.